கோட்டுப் போட்ட அப்பா

ப்ளோவ்டிவ்,
அப்பா போய் எட்டாம் நாள்

தம்பிக்கு,

நீ வரவில்லை, மரண அறிவிப்புக்கு வாசகமும் படமும் அனுப்பினாய். அச்சடித்து வாசற்கதவில் ஒட்டினேன். "கடின உழைப்பாளி, குடும்பமே உயிரென வாழ்ந்தவர்." கீழ்வீட்டு த்ஸ்வெத்தானா பார்த்துவிட்டு, "யாரும்மா இது, கோட்டும் டையுமா? நம்ம கட்டடத்துல யாரு செத்தா?" என்றாள். முப்பது வருடம் அவர் சுட்ட ரொட்டியைத் தின்றவள்.

அந்தக் கோட்டை அவர் ஒரே ஒரு நாள்தான் போட்டார், உன்னை விமானம் ஏற்றிவிட.

நீ போன பிறகு ஒவ்வோர் ஈஸ்டருக்கும் நான் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகளில் ஒன்றை எடுத்து, "அவன் வந்தா என்கூட முட்டையோட முட்டை மோதி உடைக்க வேணாமா?" என்று அலமாரியில் வைப்பார்.

கதவில் இருந்ததைக் கிழித்துவிட்டேன். நாற்பதாம் நாளில் ஒட்ட வேண்டிய அறிவிப்பை நானே எழுதுகிறேன். மாவு படிந்த சட்டையோடு அவர் படம். அதன் கீழே ஒரே வரி: "மகனுக்கென ஒன்பது சிவப்பு முட்டைகளை விட்டுச் சென்றிருக்கிறார்."

அக்கா