மாமாவைப் பிடித்துப்போன வருடம்

மே 19

மழை இன்னும் வரவில்லை. சிலுவைப் பண்டிகைக்குக் குன்றின் மேல் சேவல் அறுத்துப் படையல் வைத்துப் பதினாறு நாள் ஆகிறது. வானம் அப்படியே வெளுத்துக் கிடக்கிறது.

இது பள்ளிக்கூட நோட்டு. பாதிப் பக்கம் கணக்கு, மீதி காலி. வீணாகப் போகக்கூடாது என்று இதில் எழுதுகிறேன்.

அம்மா பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்க் காவலுக்குப் போனாள். சட்டை ஆண்களுக்குத் தைத்தது, முழங்கால் வரை தொங்குகிறது. ஜனவரியில் ஊர்க் கூட்டம் அவள் பெயரைச் சொன்னது. கூட்டம் சொன்னால் மறுக்க முடியாது. மூன்று வருடம், சம்பளம் கிடையாது. எங்கள் ஊரில் பெண் காவலர் அவள்தான் முதல்.

மாவு மில்லில் திராங்கிலினோ கேட்டார்: “எர்மெலிந்தா, நீ துப்பாக்கியத் தூக்கிட்டுப் போறியா, அது உன்னத் தூக்கிட்டுப் போகுதா?”

“உன் மில்லுல ஒரு நாள் திருட்டுப் போகட்டும், அன்னைக்குச் சொல்றேன்” என்றாள் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள். நான் வாளிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு வார்த்தை என்றைக்காவது வருமா?

மே 24

ஃபிதென்சியோ மாமா வந்து நிலத்தைக் காலால் கிளறிப் பார்த்தார். “மழை பெஞ்ச மறுநாளே என் மாடு உங்க நிலத்துலதான் நிக்கும்” என்றார். அப்பா வடக்கே வேலைக்குப் போய் நாலு வருடம். ஒரு செய்தியும் இல்லை. அன்றிலிருந்து எங்கள் நிலத்தை உழுவது மாமாதான். எனக்குச் செருப்பு வாங்கித் தருவதும் மாமாதான்.

ஜூன் 2

இன்று காலையில்—

முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3

எழுதிவிடுகிறேன்.

நேற்று விடிந்ததும் மில்லுக்குக் கிளம்பினேன். வாளியில் சுண்ணாம்பு போட்டு வேகவைத்த மக்காச்சோளம். மாமா வீட்டு வாசலைத் தாண்டும்போது உள்ளே சத்தம். கதவு பாதி திறந்திருந்தது. போலோனியா அத்தை கீழே கிடந்தாள். மாமா காலால்— எத்தனை தடவை? இரண்டா, மூன்றா? வாளி கையிலிருந்து விழுந்தது. சோளம் வாசலெல்லாம் சிதறியது. அள்ளவில்லை. ஓடினேன்.

அம்மா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று போட்டாயிற்று, இரண்டு பாக்கி. சொன்னேன். மீதி இரண்டையும் நிதானமாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

நான் அம்மாவிடம் சொன்னேனா, காவலரிடம் சொன்னேனா?

நேற்று சாயங்காலமே மழையும் வந்துவிட்டது. ஊர்த் தலைவர் கிரெசென்சியோ, முழங்கால் வலிக்காரர், போகிற இடமெல்லாம் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போவார். அதில் உட்கார்ந்து யோசித்துவிட்டுச் சொன்னாராம்: “மண்ணு நனைஞ்சிருச்சு. ஏர் மாடு வெச்சிருக்கறவனே ஊருல ஆறு பேரு. விதைப்பு முடியட்டுமே எர்மெலிந்தா, ஓடியா போகப்போறான்? உன் நிலத்தையும் அவன்தானே உழணும்?”

“அண்ணிக்கு விலா ஒடிஞ்சிருக்கு. விதைப்பு முடியற வரைக்கும் அது பொறுத்துக்குமா?” என்றாளாம் அம்மா.

இன்று காலை மாமாவைப் பிடிக்க ஐந்து பேர் போனார்கள். சொந்தக்காரி வரவேண்டியதில்லை என்றும் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா போனாள். மாமா அவளைப் பார்த்து, “நீயுமா?” என்றார். “வேற யாரு வருவா அண்ணே?” என்றாள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகுதான் அழுதாள்.

ஜூன் 4

எங்கள் வாசலில் என் நீல வாளி. கழுவி, நிறைய சோளத்தோடு. யார் கொண்டுவந்து வைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஜூன் 9

மாமாவை விசாரிக்கக் கூடைப்பந்து மைதானத்தில் கூட்டம். ஊரே இருந்தது. காலையில் ஆரம்பித்தது, மதியம் தாண்டியும் முடியவில்லை.

எல்லாம் எங்கள் மொழியிலேயே நடந்தது. முன்பு ஒரு தடவை அத்தையின் தங்கை இதே மாதிரி அடிபட்டுக் கீழே நகரத்துக் காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே ஸ்பானிஷ் மட்டும்தான். இவளுக்குத் தெரிந்தது நாலு வார்த்தை. குடும்ப விஷயம், வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். ஏழு மணி நேரம் நடந்து போனவள், ஏழு மணி நேரம் நடந்து வந்தாள்.

“யாராவது பாத்தீங்களா?” என்று கிரெசென்சியோ கேட்டார்.

மாமாவின் கண் பெண்கள் பக்கம் வந்தது. என் மேல் நின்றது. பிறகு தரைக்குப் போய்விட்டது. எழுந்திரு லாலா, எழுந்திருடி. எழவில்லை.

அத்தைதான் எழுந்தாள். விலாவைக் கையால் பிடித்துக்கொண்டு. “யாரும் பாத்திருக்க வேணாம். பட்டது நான். நானே சொல்றேன்.” சொன்னாள். ஆறு வருடமாகப் பட்ட அடியையும் சொன்னாள்.

மாமாவின் சித்தப்பா மகன் எழுந்து, “புருஷன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள நடக்கறது...” என்று இழுத்தார்.

“வீட்டுக்குள்ளயே இருந்திருந்தா எங்களுக்கு எப்படிடா தெரியும்? ஊத்து வரைக்கும் கேட்டிருக்கு” என்றார் கிரெசென்சியோ.

முடிவு: ஒரு வருடம். ஊர் ஊராகப் போய்ப் பொது வேலை. ஒரு ஊரில் பதினைந்து நாள். அந்தந்த ஊர் வீடுகள் முறை வைத்துச் சாப்பாடு போடும். யாருடைய சொந்த வேலைக்கும் அவரைக் கூப்பிடக்கூடாது. அடைத்துவைத்தால் மனுஷன் கெட்டுப்போவான், ஊர் பார்க்க வேலை செய்தால்தான் யோசிப்பான் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

அத்தைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள்.

“ஏர் மாடு ரெண்டும்.”

ஆண்கள் பக்கம் சிரிப்பு. “ஆம்பளை இல்லாத வீட்டுக்கு ஏர் மாடு எதுக்கு?” என்றார் திராங்கிலினோ.

“மாடு என்ன, ஆம்பளையப் பாத்தா நடக்குது? புல்லுக்கட்டப் பாத்து நடக்குது.”

மாடு அத்தைக்கு என்று எழுதினார்கள். நான் பார்த்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 13

எங்கள் நிலத்தை ஊரே வந்து விதைத்தது. காவலர் நிலம் தரிசாகக் கிடந்தால் ஊருக்கு அவமானமாம். அத்தை மாட்டைக் கொடுத்தாள். ஏர் பிடித்தது கிரெசென்சியோ. வாழ்நாளெல்லாம் காப்பித் தோட்டக்காரர்.

வரிசை கோணிக் கோணிப் போனது. அத்தை வரப்பில் உட்கார்ந்து, “மாடு நேராத்தான் போகுது தலைவரே, நீங்கதான் திருவிழாவுல குடிச்சுட்டு வர்ற மாதிரி வர்றீங்க!” என்று கத்தினாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உடனே விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 30

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. டீச்சர் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார், ஒரு நாயோடு.

மேல்நிலைப் பள்ளி கீழூரில் இருக்கிறது. ஆள் ஏற்றும் வண்டியில் போகவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓடை வளைவில் கொள்ளைக்காரர்கள் வண்டியை மறித்தார்கள். எங்களை எல்லாம் சேற்றில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். என் முதுகில் ஒரு பூட்ஸ் கால். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதன் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. அப்புறம்தான் கூட்டம் போட்டு எங்கள் ஊரும் காவலில் சேர்ந்தது. இப்போது ஒவ்வொரு வண்டியிலும் பின்னால் இரண்டு காவலர். ஒரு வருடமாக ஒரு மறிப்பும் இல்லை. பெண்கள் தனியாகச் சந்தைக்குப் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறார்கள், பாட்டுப் பாடிக்கொண்டு. அந்தப் பாட்டு எங்கள் வீடு வரை கேட்கிறது.

அம்மா கேட்டாள்: “வண்டியில நான்தான் இருப்பேன். வர்றியா?”

அடுப்பை ஊதுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 16

மாமாவும் தண்டனை பெற்ற இன்னும் மூன்று பேரும் எங்கள் ஊர் முறைக்கு வந்திருக்கிறார்கள். மழையில் ஓடை வளைவின் தடுப்புச் சுவர் சரிந்துவிட்டது. அதைக் கட்டவேண்டும். தங்கச்சி அண்ணனுக்குக் காவல் நிற்கவேண்டாம் என்று அந்தப் பதினைந்து நாளும் அம்மாவை வண்டிக்கே போட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு முறை எங்கள் வீடு. அம்மா முறையை மாற்றிக் கேட்கலாம். கேட்கவில்லை. எடுத்துப்போக வேண்டியது நான்.

அக்டோபர் 19

நாலு பேருக்கும் ஒரே சாப்பாடு. சோள ரொட்டி, பீன்ஸ், மிளகாய்த் துவையல். வீட்டில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோமோ அதுதான் கொடுக்கவேண்டும்.

மாமா இளைத்துவிட்டார். கையெல்லாம் சுண்ணாம்பு வெடிப்பு. தட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

“லாலா.”

நின்றேன். எதிர்ச் சரிவில் எங்கள் நிலம் தெரிந்தது. மாமா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது என்னடி வரிசை, பாம்பு போன தடம் மாதிரி?”

“கிரெசென்சியோ ஓட்டினாரு.”

சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். சாப்பிட ஆரம்பித்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தோன்றியது.

“மாமா, நான்தான் அம்மாகிட்டச் சொன்னேன்.”

“தெரியும். இந்த ஊருல நீல வாளி உன் ஒருத்திகிட்டத்தான் இருக்கு.”

“தெரிஞ்சும் கூட்டத்துல நீங்க ஏன் சொல்லலை?” என்று கேட்டேன்.

ரொட்டியை மடித்தார், பிரித்தார். “நீ கொட்டிட்டுப் போன சோளத்தை அவதான் அள்ளினா. ஒடிஞ்ச விலாவோட, குனிஞ்சு, ஒவ்வொண்ணா. நான் நின்னு பாத்துட்டு இருந்தேன். கல்லு தூக்கக் குனியறப்பெல்லாம் அதுதான் கண்ணு முன்னாடி வருது.”

எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. அத்தையை நினைத்ததும் கோபமாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்குமா? இருக்கிறது.

தட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். காலில் பாரம் இல்லை.

ஏப்ரல் 11

அத்தை மாட்டைப் பழக்குகிறாள். தினமும் அவள் கத்துவது மில்லுக்குக் கேட்கிறது. “மாட்டுக்குக் காது போச்சு” என்கிறார் திராங்கிலினோ. ஆனால் விதைப்புக்கு அவர் நிலத்தையும் உழச் சொல்லி முதல் ஆளாக வந்து நின்றது அவர்தான்.

ஜூன் 10

மறுபடி மைதானம். மாமா போய்வந்த ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, எப்படி வேலை செய்தார் என்று சொன்னார்கள். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். ஒரு ஊர்க்காரர் மட்டும், “முதல் மாசம் முரண்டு பிடிச்சான்” என்றார். மாமா தலையாட்டினார்.

கடைசிச் சொல் அத்தையுடையது. “ஊருக்குள்ள வரட்டும். என் வீட்டுக்குள்ள வேணாம்.”

“சரி” என்றார் மாமா.

ஜூன் 16

இன்று எங்கள் விதைப்பு. அத்தை ஏர் பூட்டிக்கொண்டு வந்தாள். மாமா வரப்பில் நின்று, “நான் பிடிக்கட்டுமா?” என்றார்.

அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. “விதை போடறதுன்னா பின்னாடி வரட்டும்.”

விதை போடுவது எங்களுக்குப் பெண்கள் வேலை. மாமா என் கையிலிருந்து விதைப் பையை வாங்கிக்கொண்டார். அத்தை முன்னால், மாமா பத்தடி தள்ளிப் பின்னால். திராங்கிலினோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா பச்சைச் சட்டையோடு அவரைப் பார்த்தாள். இருமிக்கொண்டார்.

ஜூலை 20

டீச்சரிடம் போய் நின்றேன். நோட்டை நீட்டினேன், கணக்குப் பக்கத்தைத் திறந்து. மறுபடி படிக்கக் கேட்கிறேன் என்று புரிந்துகொண்டார்.

ஆகஸ்ட் 26

வண்டியில் ஏறினேன். என் வகுப்பில் எல்லாரும் என்னைவிடச் சின்னவர்களாக இருப்பார்கள். இருக்கட்டும்.

அம்மா பின்னால் கம்பியைப் பிடித்து நின்றாள். ஓடை வளைவு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். வண்டி நிற்கவில்லை. திறந்தபோது புதுச் சுவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், எதிர்ச் சரிவில், இடுப்பளவு சோளம்.

மேலூர்க்காரி ஒருத்தி, முன்பின் தெரியாதவள், எட்டிப் பார்த்தாள். “யாரு நிலம் அது? கயிறு கட்டி விதைச்ச மாதிரி நேரா இருக்கே?”

அம்மா சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்களுது” என்றேன். வண்டிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னேன்:

“எங்க நிலம்! எங்க அத்தை உழுதது!”