சூடாகாத இயந்திரம்

ஒக்டோபர் 7, செவ்வாய்

விடியலில் இருந்து மழை. அம்பிட்டிய பஸ்ஸில் கண்டி வரை நின்றபடியே. ஸ்வெட்டரில் ஒரு தோள் முழுக்க ஈரம்.

இன்றைய வேலை: தரை துடைத்தது. ஏ.சி.யில் சொட்டும் தண்ணீருக்கு வாளி வைத்து, இரண்டு முறை ஊற்றியது. தேநீர் ஐந்து. மணிக்கு ஒரு தரம் சேர்வர் அறையின் சூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதியது.

பழைய சேர்வர் கொம்பியூட்டர் இருந்த இடத்தில் நேற்று புதியதை வைத்துவிட்டார்கள். ஒரு கிழமை, அடுத்த திங்கள் வரை, ஓட்டிப் பார்ப்பதற்கு. பதினெட்டு மருந்துக் கடைகளின் பில்லும் இனி இதில்தான். பழையது கதவோரமாக, தேவைப்பட்டால் என்று. கொண்டுவரச் சொன்னவர் ஃபாஹிமா மிஸ், எங்கள் எஞ்சினியர், கெலிஓயாவில் இருந்து வருபவர். ஒபிஸை நடத்தும் சேருக்கு அரை மனம்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு மிஸ்ஸாகவே சொன்னார். "இதுட பிரொசசர் போன்ல ஈக்கிற சாதி. பெட்டரி தீராம ஓடப் பழகினது. அதான் கரண்ட் கொஞ்சம் போதும், சூடும் கொஞ்சம்தான்."

பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பழையதில் கை வைக்க முடியாது. மீட்டரில் பழையது 410 வாட், இது 160.

எல்லாருக்கும் அதிசயம். எனக்குப் பயம். என்னை வைத்திருப்பதே சூட்டை எழுத. சூடு இல்லையென்றால் கொப்பி எதற்கு? ஏ.சி. குறைந்தால் வாளியும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? கடையில் நிற்க என்னால் ஆகாது. வருகிறவர்களோடு எல்லாம் பேச வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

8, புதன்

இன்று எழுத்தெல்லாம் கோணல்.

எங்கள் ஒபிஸில் மழை நாளில் நனைந்ததெல்லாம் சேர்வருக்குப் பின்னால்தான் காயும். சுவரில் இரண்டு ஆணி, குறுக்கே கயிறு. சேருடைய சொக்ஸ், மிஸ்ஸுடைய குடை, என் ஸ்வெட்டர். பழைய சேர்வரின் காற்றில் துணி பறந்துகொண்டே காயும். அரை மணி போதும்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பார்சல் வாங்கப் போய் நனைந்து வந்தேன். பழக்கத்தில் ஸ்வெட்டரைக் கயிற்றில் போட்டேன். இடம் அதே இடம். இயந்திரம்தான் வேறு என்பது மறந்துவிட்டது. புதியதன் காற்றாடி மெல்லச் சுழல்வது. ஈரத் துணியைத் தள்ள அதற்குப் பலமில்லை. ஸ்வெட்டர் பின்பக்கத்தில் காற்று வெளியேறும் துளைகளில் அப்பிக்கொண்டது.

12.40க்கு அலாரம். முதலில் ஓடியது நான். ஸ்வெட்டரை இழுத்துச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டேன். சேர்வர் சூடு தாங்காமல் தானாகவே அணைந்திருந்தது. பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

பழையதற்கு மாற்ற நாற்பது நிமிடம். அதுவரை கடைகளில் கையால் பில். எல்லா போனும் ஒன்றாக அடித்தது.

"நான் அப்பவே சொன்னனான் மிஸ். போன் மூளையை வச்சுப் பதினெட்டுக் கடை நடத்தேலாது."

"சேர், காரணம் ஒண்டு ஈக்கும். தேடிப் பாக்க டைம் தாங்க."

"வெள்ளிக்கிழமை கொண்டந்தவங்களே தூக்கிக்கொண்டு போகட்டும். உங்கட கொன்ட்ராக்டையும் அதுக்குப் பிறகு பாப்பம்." பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, நீதானே முதல் வந்தனி? என்ன கண்டாய்?"

"ஒன்னுமில்ல சேர்."

ஸ்வெட்டரில் இருந்து கால் விரலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

9, வியாழன்

மழை விட்டு விட்டு. சீனி முடிந்தது, வாங்க வேண்டும்.

மிஸ் காலையில் இருந்து சேர்வர் அறைத் தரையில், மடியில் லெப்டொப். புதியதை வெறுமனே ஓட்டிப் பார்க்கிறார். நாள் முழுக்க 36 பாகை, ஒரு குறையும் இல்லை. "நான்தான் எங்கயோ பிழ உட்டீக்கிறேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கொடுத்த தேநீர் ஆறிப்போனது.

பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. புதியது போய்விட்டால் என் வேலை தப்பும். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வாயால் வராது என்று தெரிந்து, கொப்பியில் குறிப்புப் பகுதியில் எழுதினேன்: "புதன் 12.10. சேர்வருக்குப் பின்னால் ஈர ஸ்வெட்டர் போட்டது நான்." மாலையில் சேரிடம் நீட்டினேன். போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். பார்க்கவே இல்லை. தப்பினேன் என்றும் இருந்தது, அழுகையும் வந்தது.

அம்மா: "சோத்த ஏன்டி கொறிக்கிற? என்னா ஒனக்கு?"

"ஒன்னுமில்லம்மா."

"இந்த ஒன்னுமில்லய சொல்லிச் சொல்லியே பள்ளிக்கூடத்தயும் முடிச்சிட்ட."

10, வெள்ளி

பஸ்ஸில் சொல்லிப் பார்த்தவை: சேர், ஒரு விஷயம். சேர், மன்னிச்சுக்கங்க. மிஸ், ஒங்க மேல பிழ இல்ல. மூன்றாவதுதான் நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு வேன். இரண்டு ஆட்கள், வெற்றுப் பெட்டிகள். புதியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கடைகள் எதுவும் அதில் இல்லை. மிஸ் அணைக்க மனமில்லாமல் திரையைப் பார்த்தபடி இருந்தார். நான் வாசலில்.

"என்ன பிள்ளை?" என்றார் சேர்.

மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினேன். ஏ.சி. வாளியில் முக்கிப் பிழிந்தேன். கயிற்றில் போட்டேன்.

"இதென்ன செய்யிறாய்?"

"கொஞ்சம் பொறுங்க சேர்" என்றார் மிஸ்.

திரையில் 36. 45. 58. காற்றாடி இரைந்தது. 74. ஆட்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். 90 தாண்டி அலாரம், பிறகு அணைந்தது.

"அன்னைக்கும் நான்தான்" என்றேன். என் சத்தம் எனக்கே கேட்டது.

சேர் சுவரைப் பார்த்தார். "இந்தக் கயிற்றை ஆர் இங்க கட்டினது?"

கட்டியது அவர்தான்.

மிஸ் ஸ்வெட்டரை இழுத்து என் கையில் திணித்தார். "ரெண்டு நாளா பைத்தியம் மாதிரி ஈந்தேன். ஒனக்கு வாயில்லயா?"

"இல்ல மிஸ்."

வேன்காரர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. நன்றி சொல்வார் என்று மனதின் ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போல, அப்போதுதான் தெரிந்தது.

பெட்டிகள் வெறுமையாகவே இறங்கிப் போயின. இன்னொரு கிழமை ஓட்டிப் பார்ப்போம் என்று சேர் மிஸ்ஸிடம் சொன்னார். சுத்தியல் தேடி ஆணிகளைத் தானே பிடுங்கினார். என்னைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்குச் சூடு எழுதினேன். திங்கள் வா என்று யாரும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. திங்கள் காலை ஏழு மணி பஸ்ஸில் வேலைக்குப் போவேன்.