ஆளில்லாத கடற்கரையாகப் பார்த்து வை

மார்ச் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். என் வாய் எல்லாரையும்விடச் சுகம். டிக்கெட் எடுத்துவிட்டேன். மே மாதம் பத்து நாள் உன் தீவில் இருப்பேன். உன் அத்தான், "பால்கனியில உக்காந்து கடலைப் பாத்துட்டு வா, போதும்" என்கிறார். பார்ப்பதற்கா அவ்வளவு தூரம் வருகிறேன்? இறங்கி நீந்த வேண்டும்.

இடது கால் போன அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக நான் தண்ணீரில் இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் நீச்சல் சொல்லிக்கொடுத்த பள்ளியில் இப்போது வருகைப் பதிவேடு எழுதுகிறேன். செயற்கைக் காலில் தண்ணீர் படக் கூடாதாம். கரையிலேயே கழற்றி வைக்க வேண்டும். பள்ளி நீச்சல் குளத்தில், என் பிள்ளைகள் பார்க்க, அதை என்னால் செய்ய முடியாது. வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான். உன் தீவில் என்னை யாருக்குத் தெரியும்? ஆளில்லாத கடற்கரையாகப் பார்த்து வை. ஒரு தடவை நீந்திவிட்டால் எனக்குத் தைரியம் வந்துவிடும்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 19

அன்பு அக்காவுக்கு,

கடிதத்தைப் பார்த்துத் துள்ளிக் குதித்தேன். ஒன்று சொல்கிறேன், திட்டாதே. ஆறு வருஷமாக இங்கே இருந்தும் நான் ஒரு கடற்கரைக்கும் போனதில்லை. விடுதிகளுக்கான சலவைக்கூடத்தில் வேலை, ஜன்னல்கூடக் கிடையாது. விடுமுறை வந்தால் தூக்கம்தான்.

ஆனால் டவல் எனக்குத் தெரியும். வடக்குக் கடற்கரை டவல் மலைபோல வரும், ஈரம் சொட்டச் சொட்ட. அங்கே கூட்டமோ கூட்டம். தெற்கு டவலை உதறினால் மாவு மாதிரி மணல், மிஷினே அடைத்துக்கொள்ளும். கிழக்கு டவல் பத்தோ பன்னிரண்டோ, வைத்த மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். ஆளே இல்லை! அதுதான் உனக்கு. அங்கேயே அறை சொல்லிவிட்டேன்.

உன் தங்கை

ஏப்ரல் 2

அடி மக்கு,

கோபமில்லை, சிரிப்புத்தான் வருகிறது. மடிப்புக் கலையவில்லை என்றால் அங்கே போகிறவன் நனையவில்லை என்று அர்த்தம். கடற்கரைக்குப் போனவன் ஏன் நனையவில்லை? ஒரு நாள் தூக்கத்தை விட்டுவிட்டுப் போய்ப் பார். ஒரு கம்பையும் எடுத்துப் போ. மணலில் ஊன்றி, எவ்வளவு இறங்குகிறது என்று எழுது. நான் ஊன்றுகோலோடு வர வேண்டுமல்லவா?

அக்கா

ஏப்ரல் 20

அக்கா,

தலையில் அடித்துக்கொண்டேன். கிழக்கே சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள்: குளிக்கக் கூடாது, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். உன்னை நானே கொண்டுபோய்த் தள்ளியிருப்பேன். 

தெற்கே மாப்புக் கட்டையை ஊன்றினேன். ஒரு முழம் உள்ளே போய்விட்டது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர், "என்னம்மா, கடலைத் தொடைக்க வந்தியா?" என்று கேட்டார். மானம் போயிற்று.

வடக்கில்தான் மணல் தரை மாதிரி கெட்டி. அலையே இல்லை. நாற்பது அடி நடந்தாலும் இடுப்பளவு தண்ணீர். ஆனால் காலை ஏழு மணிக்கே நானூறு பேர் இருக்கிறார்கள் அக்கா. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டேன், வேறு இடம் இல்லை. வேண்டாமென்றால் சொல்லிவிடு. நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

உன் தங்கை

மே 1

சின்னவளுக்கு,

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லி உன் அத்தானிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கூட்டத்தைப் பாத்து நீ எப்ப பயந்திருக்கே? பள்ளிக்கூடமே உன்னைப் பாத்துத்தானே பயந்துச்சு" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

நானூறு பேர்தானே? பார்க்கட்டும். வடக்கிலேயே அறையை மாற்று.

அக்கா

மே 28

அக்கா,

நீ கிளம்பியதிலிருந்து எனக்கு ஊரே வெறிச்சென்று கிடக்கிறது. சலவைக்கூடத்தில் உன் கதையை எத்தனை தடவை சொல்லிவிட்டேன் தெரியுமா? நீ குடைக்குக் கீழே உட்கார்ந்து காலைக் கழற்றியபோது நான்தான் டவலை விரித்து மறைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா, என்னவோ செருப்பைப் பார்த்துக்கொள்வது போல, "இங்க வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாரே, அதை மறக்கவே முடியாது.

என் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை வந்தாய். "விடுடி!" என்று கத்தினாய். பயந்துகொண்டே விட்டேன். மறு நிமிஷம் உன்னைக் காணோம். தேடினால், படகு கட்டும் மிதவையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய்! நான் அங்கேயே நின்று ஓவென்று அழுதேன். ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை அக்கா. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

உன் தங்கை

ஜூன் 12

என் செல்லத்துக்கு,

பள்ளி திறந்த அன்றே பதிவேட்டைத் தலைமையாசிரியர் மேஜையில் வைத்து, குளத்துச் சாவியைக் கேட்டேன். "யோசிச்சுச் செய்யுங்க டீச்சர்" என்றார். "ரெண்டு வருஷம் யோசிச்சாச்சு சார்" என்றேன். மனுஷர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

நேற்றுதான் முதல் நீச்சல் வகுப்பு. இருபத்தாறு பிள்ளைகள். குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, அவர்கள் முன்னாலேயே காலைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன்.   கடைசி வரிசையில் ஒரு வாயாடி கையைத் தூக்கினாள். போச்சு, கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மிஸ், முதல்ல யார் குதிக்கிறது?"

"நான்தான்" என்று சொல்லிக் குதித்தேன்.

என்றும் உன்,
நீச்சல் டீச்சர் அக்கா