வராத பதினாலாயிரம் பேர்

மார்ச் 4

சமையலறைக் குழாய் இன்றைக்கும் சொட்டுகிறது. ஆளை வரச் சொல்ல மறந்துவிட்டேன். மறக்காமல் என்ன செய்வேன், ஆபீஸே இன்று தலைகீழாக நின்றது.

எதிர்வீட்டுக்காரன் தன் பழைய பதிப்பை அக்டோபரோடு நிறுத்தப் போகிறானாம். (போட்டிக் கம்பெனியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உலகத்தில் பத்து கணினியில் எட்டு அவனுடைய இயங்குதளத்தில் ஓடுகிறது. நாங்கள் நூற்றுக்கு மூன்று.) அவனுடைய புதுப் பதிப்பு பழைய மெஷின்களில் ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் லட்சக்கணக்கான கணினிகள் நடுத்தெருவில் நிற்கப் போகின்றன. கம்பெனித் தலைவியான எங்கள் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு, இத்தனை வருஷமும் இதற்குத்தான் காத்திருந்தோம் என்றார்.

நான் தலைமை தாங்கி எழுதிய எங்கள் ஒன்பதாம் பதிப்பு எந்தப் பழைய மெஷினிலும் ஏறும். அதை இலவசமாகக் கொடுத்து அவர்களை இந்தப் பக்கம் இழுப்பது என் வேலை. நான் சும்மா இருப்பேனா, கூடவே ஒரு யோசனையும் சொன்னேன். நம்முடைய ஏழாம் பதிப்பை மூடிவிடலாம், எதற்கு இரண்டு குதிரையில் சவாரி, இருக்கிற ஆட்களையெல்லாம் ஒன்பதில் போடுவோம் என்று. (எட்டு பிறக்கும் முன்பே செத்தது. அந்தக் கதை வேண்டாம்.) ஆட்கள் வருகிறார்களா பார்ப்போம், வந்தால் மூடலாம் என்றார் மேடம்.

ஏழாம் பதிப்பைக் கட்டி மேய்ப்பவர் என் வீட்டுக்காரர். சாப்பிடும்போது, "ஏழு உன்னை என்னடி பண்ணுச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மாமியார் மருமகள் சண்டை இல்லாத வீட்டில் இதாவது இருக்கட்டுமே.

மார்ச் 12

சோதனை அறையில் எல்லாம் நன்றாக ஏறுகிறது, வெளியே போனதும் இடறுகிறது. காரணம் தெரிந்தது. அங்கே இருக்கும் மெஷின்கள் புது மணப்பெண் மாதிரி அவ்வளவு சுத்தம். எந்த வாடிக்கையாளர் வீட்டில் மெஷின் அப்படி இருக்கிறது?

சோதனைப் பிரிவுத் தலைவருக்கு எழுதிவிட்டேன்: வாடிக்கையாளர் மெஷினில் இல்லாத எதுவும் சோதனை மெஷினில் இருக்கக் கூடாது. அவர் எழுத்துக்கு எழுத்து செய்கிறவர். தங்கமான மனிதர். மனிதனுக்குச் சாப்பாடு மாதிரி மூன்று வேளையும் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிப் பார்க்கிறேன், முதலில் நூறு மெஷின், போகப் போகக் கூட்டுகிறேன் என்றார்.

மார்ச் 31

எப்போதும் வாரத்துக்கு எண்ணூறு புது மெஷின்கள் எங்களிடம் வரும். இரண்டு வாரம் முன்பு 2,900. போன வாரம் 7,100. இன்று 14,300!

மேடம் என்னைக் கட்டிப்பிடித்தார். மேடம்! பதினோரு வருஷத்தில் கைகூடக் கொடுத்ததில்லை.

ஏப்ரல் 9

முடிவாகிவிட்டது. ஏழாம் பதிப்பு செப்டம்பர் 30 வரைதான். அதில் இருக்கும் ஆறு பேரில் இரண்டு பேரை ஒன்பதுக்கு எடுத்துக்கொள்வார்கள். நான்கு பேர் போக வேண்டும். நால்வரில் அவரும் ஒருவர்.

கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டியது நான். மேசையின் அந்தக் கோடியில் அவர். மூடினால் ஆட்களை மாற்றிப் போடுவார்கள் என்றுதானே நினைத்தேன், வெளியே அனுப்புவார்கள் என்று யார் கண்டது? பொய். கொஞ்சம் நினைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நினைக்கவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், இந்தப் புது மெஷின்களெல்லாம் அடுத்த வாரமும் ஓடுகின்றனவா என்று. இது வருகிறவர்கள் கணக்கு, தங்குகிறவர்கள் கணக்கு தனி என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏப்ரல் 10

மகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22

எழுதினால்தான் மனசு அடங்கும்.

காலையில் புகார்ப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். இவ்வளவு புது ஆட்கள் வந்திருக்கிறார்களே, கூடுதலாக ஆறு பேரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், போனே வரவில்லையே என்றாள். நம் பதிப்பு அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஜம்பமாகச் சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகுதான் உறைத்தது. புதிதாக வருகிறவன் ஒரு பிரிண்டரைக்கூடவா மாட்டிப் பார்க்கவில்லை?

கணக்கைத் திறந்தேன். வந்த மெஷின்களில் முக்கால்வாசிக்கு மேல் காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு. சரியாக அந்த நேரங்கள்தான். ஒவ்வொன்றும் பிறந்து சில மணி நேரத்தில் காணாமல் போயிருக்கிறது. மறுபடி பேச்சே இல்லை.

காலை, நண்பகல், மாலை. மூன்று வேளை.

சோதனை அறைக்கு ஓடினேன். இப்போது 640 மெஷின், மூன்று வேளை, ஏழு நாள். பதின்மூன்றாயிரத்து நானூற்று நாற்பது. ஒவ்வொரு முறை புதிதாக ஏற்றும்போதும் அது புது மெஷின் என்று பெயர் கொடுத்துக் கணக்கில் சேர்கிறது. எங்கள் மெஷின்களில் எப்போதும் ஒரு அடையாளம் இருக்கும், கணக்கெடுக்கிறபோது அதைப் பார்த்து ஒதுக்கிவிடும். அந்த அடையாளம் எங்கே என்று கேட்டேன். "வாடிக்கையாளர் மெஷின்ல அது இருக்காதே மேடம். இல்லாத எதுவும் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே எழுதுனீங்க" என்றார். கடிதத்தையும் எடுத்துக் காட்டினார். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் வீட்டு ஆட்களையே மூன்று வேளையும் வாசல் வழியாக வரவைத்து, விருந்தாளி வந்தான் விருந்தாளி வந்தான் என்று எண்ணியிருக்கிறேன். உண்மையில் வந்தவர்கள் வாரத்துக்கு 860 பேர். எப்போதும் வருகிற அதே எண்ணூறு சொச்சம்.

இந்தக் கணக்கைக் காட்டித்தான் என் வீட்டுக்காரர் வேலைக்கு உலை வைத்தேன்.

ஏப்ரல் 23

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்தினார். யார் யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் கேட்டார். எனக்கும் சோதனைக்காரருக்கும் மட்டும் என்றேன். அறிவிப்பு வெளியே போய்விட்டது, கடைக்காரர்களுக்கெல்லாம் கடிதம் போய்விட்டது, இப்போது மாற்றினால் எதிர்வீட்டுக்காரன் ஊர் கூட்டிச் சிரிப்பான் என்றார்.

"அக்டோபர் நெருங்க நெருங்க நிஜமாவே ஆளுங்க வருவாங்க. அப்ப இந்தக் கணக்கு உண்மையாயிடும். அது வரைக்கும் நீ வாயத் திறக்காத."

தலையாட்டிவிட்டு வந்தேன். வாயில் என்ன இருந்தது எனக்கு?

ஏப்ரல் 25

இன்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவர் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

ஏப்ரல் 29

ஏழாம் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கெல்லாம் விடைபெறும் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் அவரை. தன் சாவு ஓலையைத் தானே எழுதுகிற மாதிரி. வந்த பதில் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்டினார். ஒரு பல் டாக்டர். அவருடைய எக்ஸ்ரே கருவி ஏழில் மட்டும்தான் பேசுமாம், ஒன்பதில் பேசாதாம், கருவி வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறதாம், நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறார்.

"இவருக்கு என்ன பதில் எழுத?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இருபது நாளில் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. தலைவலி என்று எழுந்து போய்விட்டேன்.

நீ ஒரு மனுஷியா? — இதைத்தான் குளியலறையில் நின்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே 5

திங்கட்கிழமைக் கூட்டம். சுவரில் 14,220 என்று வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பரிமாறினேன். கைதட்டினார்கள். மேசையின் அந்தக் கோடியிலிருந்து என் வீட்டுக்காரரும் தட்டினார்.

மே 6

எதிர்வீட்டுக்காரன் பழைய பதிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் கொடுத்துவிட்டான். இலவசமாக. நடுத்தெரு மெஷின் என்று ஒன்றும் கிடையாது இனி. யாரும் வரப்போவதில்லை. இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் உண்மையாகப் போவதில்லை.

மேடத்தின் அறைக்கு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் போனில் இருக்கிறார் என்றார்கள்.

மே 8

சொல்லிவிட்டேன். மகள் டியூஷன் போன நேரத்தில், சமையலறையில் நின்றுகொண்டே, ஒன்று விடாமல்.

முதலில் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, அதைச் சொல்ல வேண்டும். தன் ஏழு தோற்கவில்லை என்று தெரிந்த வெளிச்சம். பிறகு கேட்டார், "எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

பதினாறு நாளாக என்றேன்.

"பதினாறு நாள் என் கூட உக்காந்து சாப்ட்டிருக்க."

பயந்துவிட்டேன் என்றேன். மேடம்தான் சொல்ல வேண்டாம் என்றார் என்றும் சொன்னேன். ஏன் சொன்னேன்? "ஓ, மேடத்துக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்டாள் என்பார்களே, அது நான்தான். பழமொழி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் இவ்வளவு நாள்.

மே 12

காலை ஏழரைக்கே சோதனைக்காரரை வரவழைத்து 640 மெஷினிலும் அடையாளத்தைத் திரும்ப வைத்து, பழைய வாரங்களையும் திருத்தச் சொன்னேன். அந்தக் கடிதம் என்னுடையது, உங்களுக்கு ஒன்றும் வராது என்று கையெழுத்துப் போட்டும் கொடுத்தேன்.

கூட்டத்தில் சுவரில் 540 என்று வந்தது. இயந்திரக் கோளாறு என்றார் ஒருவர். நான் எழுந்து நின்று, கோளாறு இல்லை, இதுதான் உண்மை, இவ்வளவு நாள் நம் சோதனை மெஷின்களையே எண்ணியிருக்கிறோம், அடையாளத்தை எடுக்கச் சொன்னது நான், மூன்று வாரமாகத் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததும் நான் என்றேன். மேடத்தின் பெயரை இழுக்கவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, மேசையில் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடியில் என் வீட்டுக்காரர் நாற்காலி காலி. லீவாம். எனக்கே அங்கேதான் தெரிந்தது.

மே 13

ராஜினாமா கேட்டார்கள். கொடுத்தேன்.

ஜூன் 3

ஏழாம் பதிப்பை மூடவில்லையாம். இன்னும் மூன்று வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள், நான்கு பேரும் இருக்கிறார்கள். செய்தியில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மகள் வந்து, "அப்பாவுக்கு வேலை போகலையாம்மா, உனக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

அவர் கூடத்தில் படுக்கிறார். முதுகு வலிக்கு அந்தக் கட்டில்தான் நல்லதாம்.

ஜூலை 19

மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்தேன். மூன்று இடத்திலும் கதை எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் நேரடியாகவே, பதினாலாயிரம் மேடமா நீங்கள் என்று கேட்டுவிட்டார்.

நாளெல்லாம் வீட்டில். நான்கு சுவர். எதற்கு எழுந்திருக்கிறேன் என்று தெரியவில்லை சில நாள்.

செப்டம்பர் 2

ஒன்பதையும் அவரிடமே கொடுத்துவிட்டார்களாம். என் நாற்காலி. வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறார், வேறு ஆள் இல்லையாம். மகள்தான் சொன்னாள்.

அக்டோபர் 14

மாலை அவர் வந்து கைகால் கழுவிவிட்டு, ஒரு நோட்டுடன் என் எதிரில் உட்கார்ந்தார். ஒன்பதில் பாதியில் அறுந்துபோன மேம்படுத்தலைப் பழைய நிலைக்குத் திருப்புகிற பகுதியை எப்படி எழுதியிருக்கிறாய், யாருக்கும் புரியவில்லை என்று கேட்டார். சொன்னேன். பேப்பரில் போட்டுக் காட்டினேன். ஒரு இடத்தில் இது தப்பு என்றார், நான் இல்லை என்றேன், அவர் யோசித்துவிட்டுச் சரிதான் என்றார். முக்கால் மணி நேரம். மே மாதத்துக்குப் பிறகு நாங்கள் இவ்வளவு பேசியதில்லை.

நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். இன்னும் இரண்டு சந்தேகம் இருக்கிறது, நாளைக்குக் கேட்கலாமா என்றார் — ஆபீஸில் பக்கத்து அறை ஆளிடம் கேட்பாரே, அந்தக் குரலில்.

கேளுங்கள் என்றேன். கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.