மஞ்சக்காணியில் ஒரு ரோடு

தம்பிக்கு,

இங்கே முத்தியால்பேட்டையில் எல்லோரும் நலம். உன் நலத்தை மணக்குள விநாயகரிடம் விட்டிருக்கிறேன். உன்னை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வாரோ.

நேற்று உன் பெண்டாட்டி மேனகா வந்தாள். தட்டில் சேலை, பூ, பழம், அடியில் ஒரு பத்திரம்.

"அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் செரமம் இல்ல. இந்த எடத்துல பெருவெரல வெச்சாப் போதும்" என்று மை டப்பாவைத் திறந்தாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றே இன்னும் நினைத்திருக்கிறீர்கள், பாவம். வீட்டுக் கணக்கு எழுத வேண்டி, தேவாரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே எழுத்துக் கற்றவள். பத்திரத்தை உரக்கப் படித்தேன். மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று அப்பா என் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சக்காணியை, நான் மனமொப்பி உனக்கு விட்டுக்கொடுக்கிறேனாம்.

"அண்ணி, நீங்க படிப்பீங்களா?"

"ஒம் புருஷனவிட நல்லாவே படிப்பேன்மா."

தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். சேலை நன்றாகத்தான் இருந்தது, அவளே கட்டிக்கொள்ளட்டும்.

என்னைக் கேட்காமலே அந்தக் காணியில் மனைக்கல் நட்டு, ரோடு போட்டு, 'குபேரன் நகர்' என்று வளைவும் கட்டிவிட்டாயாமே. கட்டு.

ஆடி பிறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நானும் உன் மாமாவும் டிராக்டரோடு வருகிறோம். ரோட்டை உழுது மல்லாட்டை விதைக்கப் போகிறேன். மனை பார்க்க வருகிறவர்களை வரப்பில் நடக்கச் சொல்.

கைநாட்டு வைக்காத
உன் அக்கா