உப்பிலிட்ட நெல்லிக்கா

எனக்க மக்கா லிஜினுக்கு அம்மை எழுதுறது. கர்த்தருக்க கிருபையில அப்பாவும் நானும் நடமாடுறோம், கத்தார் வெயில்ல நீயும் சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபம் உண்டு. ஷிஜா இன்னும் ஆஸ்பத்திரியிலதான். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கு, வயித்துப் பிள்ளைக்கு துடிப்பு நல்லா உண்டு, ஆனா மாசம் திகையுமுன்னே எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னாவ. போன்ல உனக்க சத்தம் கேட்டா எனக்கு வாய் அடைச்சுப் போவுது, அதனாலதான் எழுதிப் படம் பிடிச்சு அனுப்புறேன்.

கேளு மக்கா, போன மாசம் லேடி டாக்டர் அவளுக்க ரத்தம் நோக்கிட்டு, பிரஷர் கூடுதல், ஆன்டிஆக்ஸிடன்ட் குறைவுன்னாவ. காய்கனியில உள்ள ஒரு சத்தாக்கும் அது. மருமகளுக்கு நான் ஒழுங்கா சோறு போடலன்னு இத்தன பேருக்க முன்ன சொல்லுதாளேன்னு எனக்குக் கொதிச்சுப் போச்சு, எங்க வீட்டுல என்ன குறைவுன்னு அங்கேயே சண்டைக்கு நின்னேன். பாவம் அந்த டாக்டர், இது சாப்பாட்டுக் குத்தமில்ல, இந்தப் பிரஷர்ல அந்தச் சத்து உடம்புக்குள்ளயே செலவாயிரும், மாத்திரையும் வாராவாரம் பரிசோதனையும்தான் முக்கியம், உப்பு கூட்டாதீங்கன்னு பைய சொன்னாவ. நான் எங்க கேட்டேன்? நெல்லிக்காயில அந்தச் சத்து உண்டுன்னு யூடியூப்ல பாத்துட்டு, ஊறுகாய்ப் பரணியில உப்பிலிட்டு வச்சிருந்ததை தினமும் சோத்துக்கு வச்சேன், அந்த உப்புத்தண்ணியையும் குடி மக்களேன்னு குடுத்தேன். முகம் சுளிக்காம குடிச்சா. அந்த டாக்டருக்க முன்ன மறுபடி போய் நிக்க எனக்கு மானக்கேடா இருந்துச்சு, அதனால பரிசோதனைக்கும் விடல. கால் வீங்கினதுக்கு, மாசமா இருந்தா நீர் வைக்கும்னு சொல்லித் தள்ளினேன். தலைவலி, கண்ணு மங்குதுன்னு அவ அழுதப்பதான் ஆட்டோ பிடிச்சு ஓடினோம்.

ஏன் இப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டப்போ அவ எனக்க முகத்தை ஒருதடவ பாத்தா. எனக்கு உப்பு நெல்லிக்கா மேல கொதியாக்கும், மாமி அறியாம எடுத்துத் தின்னேன், பரிசோதனைக்கு வராததும் எனக்க மடி, சோம்பல்தான்னு சொல்லிட்டா. நான் மரம் மாதிரி நின்னேன். பிள்ளைய விட உனக்கு நாக்கு ருசி பெருசான்னு நீ ஸ்பீக்கர்ல அவளை ஏசினப்பமும் கட்டிலுக்கு அடுத்துதான் நின்னேன், வாய் தொறக்கல. கண்ணைத் துடைச்சிட்டு, அவியளுக்க கோவம் போயிரும் மாமின்னு அவ என்னையாக்கும் தேத்துறா. இந்த மூஞ்சிய நான் எங்க கொண்டு வைப்பேன்? டாக்டர்கிட்ட இன்னைக்குப் போய் உள்ளதைச் சொல்லியாச்சு. நெல்லிக்காயை விட வராம இருந்ததுதான் பெரிய தப்புன்னாவ.

எனக்கிட்ட கோவப்படுறதைப் பொறவு வச்சுக்கோ. கர்த்தர் உங்க மூணுபேரையும் காக்கட்டும். முதல்ல அவளைக் கூப்பிட்டு மன்னிப்பு கேளு, ஸ்பீக்கர்ல போடச் சொல்லு. இந்தத் தடவ நான் சும்மா நிக்க மாட்டேன்.

உனக்க அம்மை,
ஜெபகுமாரி,
திருப்புறம்.