சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்

கோப்பியில் என் பங்குச் சீனியையும் நீயே போட்டுக் கலக்கித் தந்த மச்சான் சின்னையாவுக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. இங்கே எல்லாரும் சுகம். என் வழுக்கை பின்கழுத்து வரை இறங்கிவிட்டது. செல்வி ஆஸ்பத்திரியில் மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். "வீட்டிலேயே அப்பா மூளை இருக்கே, அதைப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டேன். இருக்கிற இடத்தில்தானே தேட முடியும் என்றாள் உன் தங்கச்சி. முப்பது வருஷமாக அவளுக்கு நான் பதில் சொல்லி ஜெயித்ததில்லை, இன்றும் இல்லை.

மச்சான், உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்குப் பாதி தெரியும்.

செம்பவாங் கப்பல் பட்டறையில் ஆணி அறைந்து அறைந்து உன் வலது காது போனது. அதனால் எங்கே போனாலும் நான் உன் இடப்பக்கம்தான் உட்காருவேன். பக்கவாதம் வந்து நீ படுத்தபோதும் அப்படியே உட்கார்ந்தேன். நான் பேச்சைத் தொடங்கியதும் நீ முகத்தை வலப்பக்கம், சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாய். மூன்று முறை வந்தேன், மூன்று முறையும் சுவரைத்தான் பார்த்தாய்.

எனக்கு என்ன தோன்றும், சொல்? அதற்கு முந்தின தைப்பூசத்தில் உன் மகனுக்குச் செல்வியைக் கேட்டாய். படிக்கிற பெண், இப்போது வேண்டாம் என்றேன். நீ சிரித்துக்கொண்டே சரி என்றாய். அந்தச் சிரிப்புக்குள் இவ்வளவு கோபம் இருந்ததா என்று நினைத்து, வருவதையே விட்டுவிட்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவனின் ரோஷம் இருக்கிறதே, அது பட்டதாரிக்குக்கூட வராது.

இரண்டு மாதம் கழித்துச் செல்விதான் தனியாக உன்னைப் பார்க்க வந்தாள். தன்னால் வந்த வினை, தானே மன்னிப்புக் கேட்கிறேன் என்று வந்தவள், நீ சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறாள். தட்டில் வலது பாதிச் சோறு காலி, இடது பாதி அப்படியே. இன்னும் பசிக்கிறது என்கிறாயாம். அவள் தட்டைத் திருப்பி வைத்ததும் மீதியையும் சாப்பிட்டாயாம்.

கண்ணில் ஒரு குறையும் இல்லையாம், மச்சான். எதைக் கவனிப்பது என்று பார்த்துச் சொல்ல மூளையில் ஓர் இடம் இருக்கிறது, அதில் அடிபட்டுவிட்டது, உனக்கு இடப்பக்கம் என்று ஓர் உலகமே இல்லை என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். எனக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றைக்கே செம்பவாங் பஸ்ஸைப் பிடித்தேன்.

கட்டிலைச் சுவரை விட்டு இழுத்து, நடுவில் நாற்காலியைச் செருகி, முதல் முறையாக உன் வலப்பக்கம் உட்கார்ந்தேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"எங்கடா போயிட்ட இத்தன நாளா?"

"மூணு தடவ வந்தேன்லா. நீதான் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட" என்று அந்தச் செவிட்டுக் காதுக்குள் கத்தினேன். வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டிருக்கும்.

"உன் குரல் கேட்டுச்சுடா. சுவத்துப் பக்கம் தேடித் தேடிப் பார்த்தேன். ஆளக் காணோம்."

கல்யாணப் பேச்சில் கோபமா என்று நான் கேட்டதற்கு, உன் பையன் பரீட்சையில் தேறாமல் இரண்டு தடவை கோட்டடித்தவன், பெண் தப்பித்தாள் என்று ஒரு பக்க வாயால் சிரித்தாய். அதற்குப் பிறகு நமக்குக் கிடைத்தது ஐந்து வாரம். வீணாக்கிய இரண்டு மாதத்தை நான் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போது செல்வி இருட்டறையில் ஆட்களை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் சின்ன விளக்குகளை எரியவிட்டு, எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று குறித்துக்கொள்கிறாள். என்னையும் உட்காரவைத்தாள். நான் தேறவில்லை. "விளக்கப் பாக்கச் சொன்னா என்னையே பாக்கறீங்களேப்பா" என்றாள். வேறு எதைப் பார்ப்பேன்?

அவளுடைய நோயாளிகளில் கேலாங்கிலிருந்து ஒரு பெரியவர் வந்திருக்கிறார். அவர் மனைவி இடப்பக்கம் உட்கார்ந்து அழுகிறார். என்ன குற்றம் செய்தேன், என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறாரே என்று கேட்கிறாராம். மருத்துவப் பேச்சு அந்த அம்மாவுக்குப் பிடிபடவில்லை. தமிழில், நம் மாதிரி ஆள் ஒருவர் வந்து சொல்லட்டும் என்று செல்வி என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

நாளைக்குப் போகிறேன், மச்சான். அந்த அம்மாவின் நாற்காலியை நானே தூக்கி வலப்பக்கம் போடுவேன். பெரியவர் தன் மனைவியைப் பார்க்கிற வரைக்கும் அங்கிருந்து நகரமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

என்றும் உன் மச்சான்,
வேலாயுதம்